பிரஷர் ஏற்றும் ஊசி: சில நிமிட மருந்துக்கு ஏன் இத்தனை காவல்?

"அப்பாவுக்கு ஏற்கெனவே பிரஷர் வருத்தம். பிறகு ஏன் பிரஷர் கூட்டுற ஊசி போடுறீங்கள்?" திருகோணமலையில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்கள் தாதியரிடம் கேட்கும் கேள்விகளில் இது முக்கியமானது. நியாயமான கேள்விதான். இருபது வருடமாகப் பிரஷரைக் குறைக்க மாத்திரை எடுத்தவருக்கு இப்போது அதற்கு நேர்மாறான மருந்து ஏறுகிறது.

உயர் குருதியமுக்கம் வருடக்கணக்கில் உடலை அரிக்கும் நோய். அதிர்ச்சி நிலை, அதாவது அமுக்கம் விழுந்து உறுப்புகளுக்குக் குருதி போதாமற்போவது, மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோவது. கடுமையான கிருமித்தொற்று குருதியில் பரவினால் நாடிகளின் சுவர்கள் இறுக்கத்தை இழந்து தளர்ந்து விரியும். கந்தளாய்க் குளத்திலிருந்து வயலுக்கு ஓடும் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். அதே அளவு தண்ணீர்தான், ஆனால் கரை இடிந்து வாய்க்கால் இரண்டு மடங்கு அகன்றால் நீர்மட்டம் இறங்கும். மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாது. உடலில் அந்த மேட்டு வயல்கள் மூளையும் சிறுநீரகமும். தளர்ந்த நாடிகளைத் திரும்ப இறுக்கி மட்டத்தை உயர்த்துவதுதான் நோர்அட்ரினலின். விடுதிப் பேச்சில் அது வெறும் 'நோரட்'.

இது உடலுக்குப் புதிய பொருளும் அல்ல. நம் நரம்பு முனைகளே இதைச் சுரக்கின்றன. 1946இல் சுவீடனின் உல்ஃப் வொன் ஒய்லர் அதைக் கண்டறிந்தார். 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். உடல் தன் தேவைக்கு நரம்பு முனையில் துளித்துளியாக விடுவதை நாம் வெளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக விடுகிறோம். சிக்கல் முழுக்க அந்தக் குழாயில்தான் இருக்கிறது.

நோர்அட்ரினலினைப் பற்றி ஒரே ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: குருதியில் அதன் பாதி ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் அழிந்துவிடும். கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் வேலை செய்யும், நிறுத்தினால் சில நிமிடத்தில் இல்லாமல் போகும். அதனால்தான் இதை ஊசியாகக் குத்தாமல் பம்ப் மூலம் இடைவிடாது ஓட்டுகிறார்கள். கீழே வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன. ஓட்டம் ஐந்து நிமிடம் நின்றால் அமுக்கம் விழும். ஐந்து நிமிட மருந்து ஒரு நொடியில் போனால் அமுக்கம் வெடிக்கும்.

இங்கே வரும் அளவுகள் விளக்கத்துக்கானவை. ஒவ்வொரு பிரிவிலும் சுவரில் ஒட்டியிருக்கும் கலவை விதியும் வைத்தியரின் எழுத்துமே கட்டிலருகில் செல்லும்.

குளத்தில் தண்ணீர் இருக்கிறதா?

வாய்க்காலைக் குறுக்குவதற்கு முன் குளத்தைப் பார்க்க வேண்டும். குருதி இழந்தவருக்கும் வயிற்றோட்டத்தில் வற்றியவருக்கும் நாடிகளை இறுக்கினால் திரையில் இலக்கம் அழகாக வரும், உறுப்புகளுக்குப் போகும் குருதி இன்னும் குறையும். கிருமித்தொற்று அதிர்ச்சியில் முதல் 3 மணித்தியாலங்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 30 மில்லிலீற்றர் திரவம் என்று 2021இன் சர்வதேச வழிகாட்டி பரிந்துரைக்கிறது. 60 கிலோ ஆளுக்கு அது 1,800 மில்லிலீற்றர். அமுக்கம் மிகவும் கீழே கிடந்தால் திரவம் முடியும்வரை காத்திராமல் இரண்டையும் ஒன்றாகத் தொடங்குவதும் உண்டு.

இந்த மாவட்டத்தில் இதைச் சொல்லும்போது டெங்கைத் தாண்டிப் போக முடியாது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கு அதிர்ச்சியில் நடப்பது வேறு. அங்கே வாய்க்கால் அகலவில்லை, குளமே கசிகிறது. குருதியின் நீர்ப்பகுதி குருதிக் குழாய்களை விட்டு நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் போகிறது. நாடிகள் ஏற்கெனவே உச்ச அளவுக்கு இறுகியிருக்கும். கைகால் குளிர்வதும், மேல் இலக்கத்துக்கும் கீழ் இலக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே சுருங்குவதும் அதனால்தான். அங்கே முதல் மருந்து அளந்து கொடுக்கும் திரவம். உள்ளே குருதி கசிகிறதென்றால் குருதி ஏற்ற வேண்டும். நோரட்டை முதலில் ஓடவிட்டால் மறைவான குருதிப்போக்கை அது சில மணித்தியாலங்களுக்கு மூடி வைக்கும். திரையில் 100/70 என்று நிற்கும்போது யாரும் குருதி வங்கிக்கு ஓட மாட்டார்கள்.

கலக்கும் மேசையில்

அம்பியூலில் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) இருப்பதை அப்படியே ஏற்றக் கூடாது. பெரியவர்களுக்குப் பரவலாக உள்ள கலவை ஒன்று: 4 மில்லிகிராம் நோர்அட்ரினலின், 50 மில்லிலீற்றர் சிரிஞ்சில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து மொத்தம் 50 ஆக்குவது. அப்போது 1 மில்லிலீற்றரில் 80 மைக்ரோகிராம் இருக்கும். 60 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 6, மணித்தியாலத்துக்கு 360 மைக்ரோகிராம். 360ஐ 80ஆல் பிரித்தால் 4.5. பம்பில் மணித்தியாலத்துக்கு 4.5 மில்லிலீற்றர் என்று போட வேண்டும். இந்தக் கணக்கை இருவர் தனித்தனியாகப் போட்டு விடையை ஒப்பிட வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்துத் தலையாட்டுவது இரட்டைச் சரிபார்ப்பு ஆகாது.

கலக்குமிடத்தில் மறைந்திருக்கும் பொறி ஒன்று உண்டு. மருந்து அம்பியூலில் உப்பு வடிவில், டார்ட்ரேற்றாக, இருக்கிறது. 2 மில்லிகிராம் டார்ட்ரேற்றில் உள்ள உண்மையான நோர்அட்ரினலின் 1 மில்லிகிராம் மட்டுமே. சில தயாரிப்புகளின் லேபிளில் உப்பின் எடை பெரிய எழுத்திலும் மூல மருந்தின் எடை சிறிய எழுத்திலும் இருக்கும். வேறு சிலவற்றில் மறுதலையாக. 2 மில்லிலீற்றர் அம்பியூலில் '4 மில்லிகிராம்' என்று கண்டு ஒன்றை மட்டும் உடைத்தால் சிரிஞ்சில் இருப்பது 2 மில்லிகிராம் மூல மருந்துதான். பாதி வீரியத்தில் ஓடும், 'நோரட் கேக்குதில்லை' என்று வேகத்தைக் கூட்டுவார்கள், அடுத்த சிரிஞ்சைச் சரியாகக் கலந்தவர் வந்து மாட்டியதும் அமுக்கம் 200ஐத் தாண்டும். மருந்து விநியோகத்தில் கம்பனி மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சிறிய எழுத்தை மறுபடி வாசிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

சேலைனை விட டெக்ஸ்ட்ரோஸைத் தேர்வதற்கும் காரணம் உண்டு. இந்த மருந்து காற்றுப் பட்டால் ஒட்சியேறிக் கெடும். டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் அதை ஓரளவு தடுக்கிறது. சோடியம் பைகாபனேற் போன்ற காரக் கரைசலோடு ஒரே குழாயில் போனால் மருந்து செயலிழந்துவிடும். அம்பியூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கரைசல் தண்ணீர்போல் இருக்க வேண்டும். இளஞ்சிவப்போ பழுப்போ தெரிந்தால், அடியில் துகள் படிந்திருந்தால், திகதி முடியாவிட்டாலும் குப்பையில் போட வேண்டும். 25 பாகைக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைக்கச் சொல்லும் மருந்து இது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் குளிரூட்டி இல்லாத களஞ்சிய அறையோ வெயிலில் நிறுத்திய அம்புலன்சின் பெட்டியோ 25இல் நிற்காது.

லேபிளில் மருந்தின் பெயர், மொத்த மில்லிகிராம், மொத்தக் கனவளவு, 1 மில்லிலீற்றரில் எத்தனை மைக்ரோகிராம், கலந்த நேரம், கலந்தவர், சரிபார்த்தவர் எல்லாம் வேண்டும். மயக்க மருந்துத் துறையின் சர்வதேச நிறமுறையில் அமுக்கம் ஏற்றும் மருந்துகளின் நிறம் ஊதா. சிரிஞ்சில் ஒட்டினால் மட்டும் போதாது. குழாய் உடலுக்குள் நுழையும் முனையிலும் ஒன்று ஒட்ட வேண்டும், ஏனென்றால் இரவு மூன்று மணிக்கு அன்டிபயோற்றிக் கொடுக்க வரும் கை தேடுவது அந்த முனையைத்தான்.

எந்த நாளம்?

கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழோ பெரிய நாளத்துக்குள் போடும் மையக் குழாய் இதற்கு உகந்தது. பெரிய நாளத்தில் குருதி வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்து பரவும். மையக் குழாய் போடும்வரை அமுக்கத்தை விழவிட்டுக் காத்திருப்பதை விட, கையில் உள்ள நல்ல நாளத்தில் தொடங்குவது மேல் என்று 2021 வழிகாட்டியே சொல்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும், அதுவும் முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நாளத்தில். புறங்கை நாளம் வேண்டாம். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் கசிந்த மருந்து ஒதுங்க இடமில்லை. பச்சை நிறக் கனுலாவோ (நாளத்தில் செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய்) இளஞ்சிவப்புக் கனுலாவோ போட்டு, குருதி தடையில்லாமல் பின்னால் வருகிறதா என்று பார்த்து, 10 மில்லிலீற்றர் சேலைனைத் தள்ளி மேலே வீங்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே மருந்தை இணைக்க வேண்டும். முழங்கை மடிப்பில் போட்டிருந்தால் கையை மடக்கும்போதெல்லாம் ஓட்டம் தடைப்படும். பலகை வைத்துக் கட்டுவது நல்லது. கலவையும் நீர்த்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு 250 மில்லிலீற்றரில் 4 மில்லிகிராம் என்றால் 1 மில்லிலீற்றரில் 16 மைக்ரோகிராம். மேலே சொன்ன அதே 60 கிலோ ஆளுக்கு இது மணித்தியாலத்துக்கு 22.5 மில்லிலீற்றர்.

மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் காணலாம். முதலில் கனுலாவுக்கு மேலே, நாளம் போகும் வழியே, ஒரு வெளிறிய கோடு. தொட்டால் அந்த இடம் மட்டும் குளிர்ந்து விறைத்திருக்கும். கறுத்த தோலில் வெளிறல் சாம்பல் பூசியதுபோல் மங்கலாகத்தான் தெரியும், அதனால் கண்ணை விட விரலை நம்ப வேண்டும். சுயநினைவோடு இருப்பவர் 'எரியுது' என்பார்; மயக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சில மணித்தியாலங்களில் ஊதா நிறம், பிறகு கொப்புளம், கடைசியில் கறுத்து இறந்த தோல். மருந்து அங்குள்ள சிறு நாடிகளை நெரித்துக் குருதியை நிறுத்திவிடுவதுதான் காரணம். கையில் ஓடும்போது குறைந்தது மணிக்கொரு தடவை, முடிந்தால் அரை மணிக்கொரு தடவை, அந்த இடத்தைத் திறந்து தொட்டுப் பார்க்க வேண்டும். பன்டேஜ் சுற்றி மூடிவிட்டால் பார்க்கவே முடியாது.

கசிந்தது தெரிந்ததும் அந்தக் குழாயில் ஓட்டத்தை நிறுத்துங்கள், அதற்கிடையில் மற்றவர் வேறொரு நாளத்தில் மருந்தைத் தொடங்கட்டும். கனுலாவை உடனே பிடுங்க வேண்டாம். அதன் வழியே வெற்றுச் சிரிஞ்சால் வருவதையெல்லாம் உறிஞ்சி எடுங்கள். சேலைன் தள்ளிக் கழுவக் கூடாது, மீதி மருந்தையும் திசுவுக்குள் அனுப்பிவிடும். பென்டோலமின் என்ற முறிப்பு மருந்து கைவசம் இருந்தால் 5 முதல் 10 மில்லிகிராமை 10 முதல் 15 மில்லிலீற்றர் சேலைனில் கலந்து, மெல்லிய ஊசியால் வெளிறிய இடம் முழுவதும் சிறுசிறு குத்தாகச் செலுத்துவார்கள். 12 மணித்தியாலத்துக்குள் செய்தால்தான் பலன். வேலை செய்தால் தோல் கண்முன்னே சிவந்து சூடேறும். அது கிடைக்காத இடங்களில் டேர்பியூட்டலின் ஊசியையோ நைட்ரோகிளிசரின் பூச்சையோ பயன்படுத்துகிறார்கள். கையை உயர்த்தி வைத்து இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் என்றதும் ஐஸ் வைப்பது பழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே நெரிபட்ட நாடிக்கு ஐஸ் இன்னொரு நெரிப்பு.

பம்பும் குழாயும் செய்யும் விளையாட்டு

குழாயில் மருந்து ஓடும் வாய் (அதன் உள்வழி) அதற்கு மட்டுமே சொந்தம். அதில் வேறு ஊசி, குருதி, சேலைன் எதுவும் போகக் கூடாது. கணக்குப் போட்டால் ஏன் என்று விளங்கும். நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம் பெறும் ஆளின் குழாயில் 1 மில்லிலீற்றர் கலவை தங்கியிருந்தால் அதில் 80 மைக்ரோகிராம் உண்டு. யாராவது அதே வாயில் சேலைன் தள்ளினால் 13 நிமிட மருந்து ஒரே நொடியில் இதயத்துக்குப் போகிறது. மேல் அமுக்கம் 200க்கு மேல் பாயும், நாடித்துடிப்பு எதிர்வினையாக 40க்கு விழலாம், தலையிடி, நுரையீரலில் நீர்க்கோவை, மூளையில் குருதிக்கசிவுவரை போகும். அமுக்கம் அளக்கும் கைப்பட்டியை மருந்து ஓடும் கையில் கட்டக் கூடாது என்பதும் இதே கணக்குத்தான். பட்டி இறுகும்போது மருந்து தேங்கும், தளரும்போது மொத்தமாகப் போகும்.

மறுபக்கமும் உண்டு. சேலைன் நிரம்பிய குழாயில் மருந்தைப் புதிதாக இணைத்து 4.5 என்ற வேகத்தில் ஓடவிட்டால், குழாயில் 1.5 மில்லிலீற்றர் இடம் இருந்தால் முதல் துளி உடலுக்குள் போக 20 நிமிடம் பிடிக்கும். அந்த 20 நிமிடமும் போவது வெறும் சேலைன். அமுக்கம் ஏறவில்லையே என்று 4.5ஐ 9 ஆக்கி, 9ஐ 15 ஆக்குவார்கள். பிறகு மருந்து வந்து சேரும்போது 15இல் வந்து சேரும். எனவே இணைப்புக் குழாயை அதன் நுனியில் துளி தெரியும்வரை மருந்தாலேயே நிரப்ப வேண்டும். சிரிஞ்சைப் பம்பில் மாட்டியதும் ஆளோடு இணைக்கும் முன் பம்பின் நிரப்புப் பொத்தானை அழுத்தி உந்துதண்டின் தளர்வையும் எடுத்துவிட வேண்டும். இந்தத் தளர்வைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் அது மட்டுமே பல நிமிடங்களைத் தின்னும்.

பம்பை இதயத்தின் மட்டத்தில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத் தூக்கி உயரத் தாங்கியில் மாட்டினால் சிறு அளவு மருந்து கூடுதலாக உள்ளே போகும்; கீழே இறக்கினால் சில நிமிடங்களுக்கு ஒன்றும் போகாது. குழாய் கட்டில் சட்டத்தில் நசிந்து அடைப்பு மணி அடித்தால், நசிந்த இடத்தை உடனே விடுவிக்கும் கை ஆபத்தானது. அடைப்புக்குப் பின்னால் அமுக்கத்தோடு தேங்கிய மருந்து பீறிட்டுப் போகும். முதலில் முவ்வழித் திருகை (மூன்று குழாய்கள் சந்திக்கும் இணைப்பு) ஆளின் பக்கம் மூடி, சிரிஞ்சின் பக்கம் கழற்றி அந்த அமுக்கத்தை வெளியே விட்டு, பிறகு திறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கூடுதலாகத் தவறு நடக்குமிடம் சிரிஞ்ச் மாற்றுவது. 50 மில்லிலீற்றர் 4.5இல் 11 மணித்தியாலம் வரும். 15இல் ஓடினால் 3 மணித்தியாலம் 20 நிமிடம்தான். முடிவதற்கு அரை மணித்தியாலம் முன்பே அடுத்தது கலந்து, லேபிள் ஒட்டி, இரண்டாவது பம்பில் ஏறியிருக்க வேண்டும். முவ்வழித் திருகில் இரண்டு பம்பும் இணைந்திருக்கும். புதியதை இணைக்கும் முன் அதே வேகத்தில் ஓடவிட்டு நுனியில் துளி வருவதைப் பார்த்த பிறகு, ஒரே அசைவில் பழையதை மூடிப் புதியதைத் திறப்பது ஒரு முறை. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, அமுக்கம் ஏறத் தொடங்கியதும் பழையதைப் படிப்படியாகக் குறைப்பது மற்ற முறை. முதலாவது எளிது, பழகினால் திரையில் சிறு அசைவும் தெரியாது. இரண்டாவதில் கட்டிலை விட்டு நகராத ஒருவர் வேண்டும். ஒரே பம்பில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது உயர்ந்த அளவில் ஓடும் ஆளுக்குப் பொருந்தாது. சாப்பாட்டு நேரத்திலும் கடமை மாறும் நேரத்திலும் மாற்றாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு முறைதான்.

எந்த இலக்கத்தை நம்புவது?

குறிக்கோள் சராசரி அமுக்கம் 65. கீழ் இலக்கத்தோடு, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒன்றைக் கூட்டினால் வருவது அது. 90/50 என்றால் 63. வருடக்கணக்கில் உயர் அமுக்கம் உள்ளவருக்கு 65 போதுமா என்று 2014இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று பார்த்தது. 80 முதல் 85 வரை உயர்த்தியதால் இறப்பு குறையவில்லை. ஆனால் ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களில் சிறுநீரகத்துக்கு இயந்திரச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டோர் குறைந்தனர். அதற்கு விலையாக இதயத்துடிப்புக் குழப்பம் கூடியது. வாசலில் நிற்கும் மகன் 'அப்பாவுக்குப் பிரஷர் இருந்தது' என்று சொல்வது வெறும் பதற்றம் அல்ல, வைத்தியருக்குத் தேவையான தகவல்.

நாடிக்குள் போட்ட குழாய் மூலம் அளக்கும்போது உணரியை இதயத்தின் மட்டத்தில் கட்ட வேண்டும். கட்டிலை உயர்த்திவிட்டு உணரியை 10 சென்ரிமீற்றர் கீழே விட்டால் இலக்கம் ஏறத்தாழ 7 கூடக் காட்டும். 58 உள்ளவர் 65 போலத் தெரிவார்.

இலக்கம் சரியாக இருந்தும் ஆள் சரியில்லாமல் போகலாம். விரல் நுனிகளைப் பாருங்கள்: கறுக்கிறதா? சிறுநீர் மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றராவது வருகிறதா? நகத்தை அழுத்தி விட்டால் 3 நொடிக்குள் நிறம் திரும்புகிறதா? குளிர்ந்த விரலில் ஒக்சிசன் மானி தடுமாறும், காது மடலில் மாட்டிப் பார்க்கலாம். விரலில் குத்தி எடுக்கும் சீனிப் பரிசோதனையும் இவர்களில் பொய் சொல்லும், ஆகவே நாளத்திலிருந்தோ நாடியிலிருந்தோ எடுத்த குருதியில் பார்ப்பதே சரி.

முன்பு எடுத்த மருந்துகளையும் கேட்க வேண்டும். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் லினசோலிட் என்ற அன்டிபயோற்றிக்கும் நோரட்டின் வீரியத்தைக் கூட்டும். சில தயாரிப்புகளில் சேர்க்கும் சல்பைற்று ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒவ்வாது.

அதே குடும்பத்து மற்ற அம்பியூல்கள்

அட்ரினலின் இங்கே பாம்புக்கடியோடு சேர்ந்தே வரும். வயல் வரம்பில் புடையன் என்று ஊரில் சொல்லும் கண்ணாடி விரியன் கடித்து வருபவருக்கு நஞ்சுமுறி மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை அடிக்கடி வருகிறது. நஞ்சுமுறிக்கு முன் 1:1000 அட்ரினலினில் 0.25 மில்லிலீற்றரைத் தோலின் கீழ் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்று 2011இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. மீறி ஒவ்வாமை வந்தால் பெரியவருக்கு 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்புறத் தசையில். இரண்டு இடத்திலும் நாளத்துக்குள் அல்ல. விரியன் நஞ்சால் குருதி உறையாமல் கிடக்கும் ஆளுக்கு அதே அளவை நாளத்தில் தள்ளினால், திடீரென்று ஏறும் அமுக்கம் மூளையில் குருதியைக் கசியவிடலாம். 1:1000 என்றால் 1 மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம், 1:10,000 என்றால் 0.1 மில்லிகிராம். சுழி ஒன்று கூடினால் வீரியம் கூடும் என்று பதற்றத்தில் மூளை நினைத்துக்கொள்ளும். உண்மை அதற்கு எதிர். இந்த விகித எழுத்தை அமெரிக்கா 2016இல் லேபிளிலிருந்து எடுத்துவிட்டது. நாமும் மில்லிகிராமில் மட்டும் பேசுவது நல்லது.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பின் அமுக்கம் விழும்போது கொடுக்கும் பினைல்எப்ரின் அம்பியூலில் 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு தடவைக்குத் தேவை 50 முதல் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு அம்பியூலில் குறைந்தது நூறு தடவைக்கானது இருக்கிறது. சிறு சிரிஞ்சில் இரண்டு கட்டமாக நீர்க்கும்போது கட்டமொன்று விடுபட்டால் பத்து மடங்கு தவறு. முழு அம்பியூலையும் 100 மில்லிலீற்றர் சேலைன் பையில் ஒரே கட்டமாகக் கலந்தால் 1 மில்லிலீற்றரில் 100 மைக்ரோகிராம், கணக்கே வேண்டாம். உடைத்த அம்பியூலின் மிச்சத்தை மேசையில் விடாதீர்கள்.

மூதூரிலிருந்து வரும் வழியில்

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை இந்தப் பக்கத்து நோயாளிகள் 'பாதை' எனும் மிதவைப் படகில் ஏறித் தண்ணீரைக் கடந்தார்கள். இன்று மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் அம்புலன்ஸ் நேராக வருகிறது; மேலதிக சிகிச்சைக்கு அனுராதபுரம், கண்டி என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் போகிறவர்களும் உண்டு. பயணத்தில் நோரட் ஓடும் ஆளுக்கு இரண்டாவது நாளம் ஒன்று, சேலைன் ஓடியபடி, தயாராக இருக்க வேண்டும். பம்பின் மின்கலம் பயணத்தின் இரண்டு மடங்கு நேரத்துக்குத் தாங்க வேண்டும். மருந்தும் அப்படியே: 9இல் ஓடும் ஆளுக்கு இரண்டு மணித்தியாலப் பயணமென்றால் 18 மில்லிலீற்றர் தேவை, கையில் 36 வேண்டும். லேபிள் ஒட்டிய நிறைந்த சிரிஞ்ச் ஒன்று தனியாக. பயணப் பம்புக்கு மாற்றிய பின் விடுதியிலேயே 15, 20 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுவது நல்லது. பம்பை மேலே தொங்கவிடாமல் ஸ்ட்ரெச்சரில் கால் பக்கம் கட்டுங்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் கைப்பட்டி பொய் இலக்கம் காட்டும். சந்தேகம் வந்தால் வண்டியை ஓரம் கட்டி அளக்க வேண்டும்.

பொறுப்புக் கொடுக்கும் வார்த்தையிலும் ஒரு குழி உண்டு. "நோரட் அஞ்சில போகுது." இது தகவல் அல்ல. ஓர் இடத்தில் 50 மில்லிலீற்றரில் 4 மில்லிகிராம் கலப்பார்கள், இன்னோர் இடத்தில் 8. முதலாவதில் அஞ்சு என்பது மணித்தியாலத்துக்கு 400 மைக்ரோகிராம், மற்றதில் 800. "அறுபது கிலோ ஆள், நாலு மில்லிகிராம் ஐம்பதில, அஞ்சு மில்லி, கிலோவுக்கு நிமிசத்துக்கு 0.11" என்று சொன்னால் எந்த ஊரிலும் விளங்கும்.

நிறுத்திய பிறகு

அமுக்கம் தானே நின்றால் 10 முதல் 20 சதவீதம் வீதம், ஒவ்வொரு படிக்கும் இடைவெளி விட்டு இறக்குவார்கள். 'எப்படியும் குறைச்சுக்கொண்டுதானே வாறம்' என்று சிரிஞ்ச் முடிவதோடு நிறுத்தினால், இரவில் அமுக்கம் விழும்போது கலந்த மருந்து கையில் இருக்காது.

பம்பை நிறுத்தியதும் வேலை முடிந்ததுபோல் தோன்றும். மையக் குழாயின் அந்த வாயில் இன்னும் ஒரு மில்லிலீற்றர் அளவில் கலவை நிற்கிறது. ஆள் எழுந்து சாய்மானமாக உட்கார்ந்து தேநீர் குடிக்கத் தொடங்கியிருப்பார். மறுநாள் காலை கடமைக்கு வந்தவர், காலியாக இருக்கும் வாய்தானே என்று அதில் அன்டிபயோற்றிக்கைத் தள்ளினால், நேற்று நின்றுபோன நோரட் ஒரே தள்ளில் உள்ளே போகும். அதனால் நிறுத்தியவரே அப்போதே அந்த வாயிலிருந்து வெற்றுச் சிரிஞ்சால் 3 முதல் 5 மில்லிலீற்றர் குருதியை உறிஞ்சி எடுத்து எறிந்து, அதன் பிறகு சேலைன் விட்டுக் கழுவி, ஊதா லேபிளைக் கிழித்துவிட்டுப் போக வேண்டும். குருதி பின்னால் வராவிட்டால் எதையும் தள்ளாமல், லேபிளைக் கிழிக்காமல், மூடி ஒட்டி, பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.